நாலாவதாக நின்றவன்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று யாராவது வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். போன வருஷம் புசல்லாவைப் பக்கம் நான் படிப்பிக்கிற பாடசாலைக்கும் வந்தார்கள். வெள்ளை வேன், கழுத்தில் தொங்கும் அட்டை, முகம் முழுக்கச் சிரிப்பு. அதிபர் தேத்தண்ணியும் வாழைப்பழமும் வைத்து உபசரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "பிள்ளைகள் எடுக்கிற படங்களை எங்கே போடுவீர்கள்? அதை யார் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிபருக்கு மூக்குக்கு மேல் ஆத்திரம். "டீச்சர், நல்ல காரியத்துக்கு வந்திருக்காங்க. நீங்க என்னா, பொலிஸ் விசாரணை மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

நல்ல காரியம்தான். கெட்டது என்று நான் சொல்லவில்லையே. எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்களும் நல்லவர்கள்தான். அவர்களில் ஒருவரைக்கூட இன்றுவரை என்னால் வாயாரத் திட்ட முடியவில்லை. அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்காமல் கிடக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹந்தானையில் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்பில், முன் திண்ணையில், நின்றால் கண்டி டவுன் முழுக்கக் கீழே தெரியும், வாவி தெரியும், பெரஹரா ஊர்வல நாட்களில் வெளிச்சமும் தெரியும். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். தம்பிக்குப் பேச்சு நன்றாகத் திருந்தி, தன் சட்டையைத் தானே போடத் தெரிந்த பிறகு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. அவனைக் குளிப்பாட்டி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன். அப்பா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய்விடுவார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அம்மாவைப் போன் பேச விடுவார்கள். அன்று அப்பாவின் சின்னப் போனைச் சுற்றி நாங்கள் மூவரும் உட்கார்ந்திருப்போம்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும்போது படக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண். அவரை நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். வசதியில்லாத இடத்துப் பிள்ளைகளின் கையில் கேமரா கொடுத்தால் அவர்கள் தங்கள் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு விவரணப்படம் எடுப்பது அவருடைய திட்டம். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் மிஸ் பேசுவதைத் தமிழில் சொல்லவும் கண்டி டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைக் கூட்டி வந்தார். அவரைச் சேர் என்று கூப்பிட்டோம். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வகுப்பு. பெரிய வகுப்புப் பிள்ளைகளில் சிலரைத் தெரிவு செய்து ஆளுக்கொரு சின்னக் கேமரா கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். சும்மா சொல்லக் கூடாது, அந்த வயதில் அப்படி ஒரு பொருளை நம்பி என் கையில் யாரும் கொடுத்ததில்லை. அதைப் பிடித்துக்கொண்டு லயத்தில் நடந்தபோது தரையில் கால் பாவவில்லை.

சேர் சொன்ன முதல் பாடம், "ஆக்களை நிக்கவச்சு எடுக்காதேங்கோ. அவை என்ன செய்யினமோ, அதை அப்பிடியே எடுங்கோ."

சொல்வது சுலபம். எங்கள் லயத்தில் கேமரா என்பது அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். கேமராவைக் கண்டதும் எல்லாரும் உள்ளே ஓடித் தலைவாரிப் பவுடர் போட்டுச் சீலை மாற்றிக்கொண்டு வருவார்கள். கம்பு மாதிரி விறைப்பாக நின்று, "காலு தெரியுதா? செருப்போட எடு" என்பார்கள். சிரிக்கச் சொன்னால் முறைப்பார்கள். "நீங்க பாட்டுக்கு வேலயப் பாருங்க, நான் சும்மா எடுத்துக்கிறேன்" என்று ஒரு அத்தையிடம் சொன்னதற்கு, "ஏன்டி, சாணி அள்ளுறதப் போட்டோ புடிச்சு ஊரு சிரிக்கவா?" என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மூன்று பேராக யாரும் நிற்கமாட்டார்கள். மூவராகப் படம் எடுத்தால் அதில் ஒருவர் போய்விடுவார் என்பது எங்கள் லயத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். மூன்று பெண்கள் கூடையோடு வந்து நின்றால், "இருடி இருடி, இன்னொரு ஆள் வரட்டும்" என்று படத்தை நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்து வருகிற நேரத்தில் ஆள் எங்கே கிடைக்கும்? ஒரு தடவை யாரும் அகப்படாமல் ஒரு கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். என் பின்னாலேயே வால் பிடித்துத் திரிகிற என் தம்பி இருந்தானே! "டேய், வாடா இங்க, நாலாவதா நில்லு" என்பார்கள். அவன் எங்கே இருந்தாலும் ஓடி வந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பான். அவனுக்கு அது உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து நின்று பேசினாலே, கேமரா இருக்கிறதோ இல்லையோ, ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வான்.

வகுப்பில் என் படங்களைப் பெரிதாக்கிக் காட்டியபோது சேர் தலையில் கைவைத்தார். "இதென்ன கோதாரி, எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்தப் பெடியன் நிக்கிறான்!" நான் காரணத்தைச் சொன்னேன். சேர் விழுந்து விழுந்து சிரித்தார். மிஸ்ஸுக்கு அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கண்ணெல்லாம் ஒளி வந்துவிட்டது. அதன்பிறகு அவருடைய கேமரா முழுக்கத் தம்பியின் பின்னால்தான். யாரோ கூப்பிட, படிக்கட்டில் இறங்கி, தண்ணிக் கானைத் தாண்டி, நாலாவதாக நிற்க அவன் ஓடி வருவதை எத்தனை தடவை எடுத்தாரோ! "உம்மட தம்பிதான் இந்தப் படத்தின்ர ஹீரோ" என்று சேர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட வந்தது. கேமரா பிடித்தது நானல்லவா?

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் அவனே சொன்னான். "அம்மா, என்னையப் படம் புடிக்கிறாங்க. நான் டீவியில வருவேன். நீ அங்க பாரு."

"பாக்குறேன் ராசா, கட்டாயம் பாக்குறேன்" என்று அம்மா சத்தம் போட்டுச் சிரித்தது பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

படப்பிடிப்பு முடிந்து மிஸ் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் கொடுத்தார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலம், லயத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். பிறகு அவனுக்குக் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்து போயிருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நான் திரும்பி வந்தபோது அவனைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

ஆறு வயதுகூட முடியவில்லை ஐயா அவனுக்கு.

சாவு வீட்டுக்கு மிஸ் கேமராவோடு வந்தார். அப்பா வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். மிஸ் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, இஸ்தோப்பின் ஓரத்தில் எங்கள் பெண்களோடு உட்கார்ந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போய்விட்டார்.

குழியில் மண் தள்ளிவிட்டு வந்த அன்றே எங்கள் காம்பராவில் பேச்சு நடந்தது. பேசியது பெரியப்பா. அப்பாவின் அண்ணன், தோட்டத்துச் சங்கத் தலைவரும் அவர்தான். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

"அவளுக்குச் சொல்லக் கூடாது" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க தனியாக் கெடக்குற பொம்பள. சொன்னா என்னா பண்ணுவா? பாஸ்போட்டு அந்த வீட்டுக்காரன் கையில. அக்கிரிமென்டு முடியாம விடுவானா? அழுதா அணைச்சுக்க ஒரு நாதி இருக்கா அங்க? மேல் லயத்துப் புள்ளைக்கி என்னா நடந்துச்சு, மறந்துட்டியா?"

யாரும் மறக்கவில்லை. மேல் லயத்து அக்கா ஒருத்தி வெளிநாட்டில் இருக்கும்போது, இங்கே கைக்குழந்தை செத்துப்போனதைப் போனில் சொல்லிவிட்டார்கள். அவள் அந்த வீட்டு மேல்மாடியிலிருந்து குதித்துவிட்டாள். பெட்டியில்தான் வந்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரியப்பாவை நினைத்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியை நானும் பார்த்தவள். வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு அவள் சொந்த வீட்டுச் சாவுச் செய்தி சொல்வதில்லை, அவள் வந்து வாசலில் கால் வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு ஒரு சட்டமாகவே ஆகியிருந்தது. அம்மாவின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அம்மாவும் போய்விடுவாள். என் மண்டையில் பதிந்தது இதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. அப்பாவால் பேச முடியவில்லை, என்னிடம் நீட்டினார். நான் பெரியப்பாவிடம் நீட்டினேன். "அவனா? வெளாடப் போயிட்டான்மா. ஒரு எடத்துல இருக்குறானா அவன்?" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படி ஒரு சிரிப்பை அந்த நேரத்தில் மனுஷன் எங்கிருந்து எடுத்தாரோ!

இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை இப்படியே ஓடியது. பிறகு அம்மா, "குரலத்தான் கேக்க முடியல, போட்டோவாவது அனுப்புங்க" என்றாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். "ஒங்கிட்டத்தான் தம்பி போட்டோ மூட்ட மூட்டையா இருக்கே. மாசம் ஒண்ணா அனுப்பு. எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பித் தொலைச்சிராத."

டவுனுக்கு இறங்கிச் சேரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். வகுப்பில் எடுத்த எல்லாமே அவருடைய கம்பியூட்டரில் இருந்தன. எதற்கென்று சொன்னதும் அவர் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"பிள்ளை, இது சரியில்லை. தாய்க்குத் தெரியத்தானே வேணும்?"

"நீங்க சொல்லுங்க சேர், போன் நம்பர் தாறேன்" என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது.

அவர் கம்பியூட்டர் பக்கம் திரும்பினார். நான் காட்டிய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

இப்படித்தான் என் தம்பியை மாதம் மாதம் கடிதத்தில் வைத்துக் குவைத்துக்கு அனுப்பினேன். முதலில் அவன் தனியாக இருந்த படங்கள் போயின. பீலித் தண்ணியில் குளிக்கிறது, ரொட்டி தின்கிறது, நாய்க்குட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்குகிறது. தனிப் படம் அதிகம் இல்லை. ஊரார் படத்தில் நாலாவதாக நின்றவன்தானே அவன்! ஆகவே மற்றவர்களோடு நின்ற படங்களை அனுப்பத் தொடங்கினேன். அதில் ஒரு நூதனமான வேலை இருந்தது. இடையில் கூட நிற்பவர்கள் மாறியிருக்கக் கூடாது. படம் எடுத்த பிறகு ஒரு அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, படத்தில் வயிறு தள்ளியிருந்தது. அடுத்த லயத்துத் தாத்தா ஒருவர் செத்துப்போயிருந்தார், அந்தச் சாவை அம்மாவுக்குச் சொல்லியிருந்தோம். இப்படிப்பட்டவற்றை ஒதுக்க வேண்டும். சேரின் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு முடி வெட்டியிருக்கிறது, கூரைத் தகரம் மாற்றிய பிறகா முன்னமா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குவேன். படத்தை உற்றுப் பார்க்கச் சேர் கற்றுத் தந்தது எனக்கு இதற்குத்தான் பயன்பட்டது.

அம்மாவும் உற்றுப் பார்த்தாள். பார்க்க வேறென்ன இருக்கிறது அவளுக்கு? "என்னாடி, எந்நேரமும் அந்த நீலச் சட்டையே மாட்டி விட்டுருக்க?" என்பாள். "முன்பல்லு இன்னும் விழலயா? இந்த வயசுக்கு விழுந்திருக்கணுமே?" என்பாள். "கொஞ்சமும் வளத்தியே காணலயே, திங்கிறானா இல்லயா?" என்று என்னை ஏசுவாள். நான் பேச்சு வாங்கிக்கொள்வேன். பல் ஆடுகிறது, இன்றோ நாளையோ விழும் என்று சொல்வேன். அவனோடு பேச வேண்டும் என்று அழ ஆரம்பித்தால் தூங்குகிறான், கோயிலுக்குப் போய்விட்டான், உன்மேல் கோபம், பேசமாட்டானாம் என்று ஏதாவது சொல்லுவோம். ஒரு வெள்ளிக்கிழமை பெரியப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நீ அவன் மாதிரி ரெண்டு வார்த்த பேசு, சின்னப் புள்ள கொரல்ல" என்று என் பக்கம் நீட்டினார். எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ, போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். பின்மூடி கழன்று பெட்டரி அடுப்படியில் போய் விழுந்தது. பெரியப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆனால் சட்டை விஷயத்தில் நான் தப்ப முடியவில்லை. ஊருக்கு வந்த ஒருத்தியிடம் அம்மா ஒரு பார்சல் கொடுத்தனுப்பினாள். எனக்கு ஒரு செருப்பு, அப்பாவுக்கு ஒரு கைலி, தம்பிக்கு மஞ்சள் நிறத்தில், முதுகில் பெரிய இலக்கம் போட்ட பந்து விளையாட்டுச் சட்டை. அதைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பியே ஆக வேண்டும் என்றாள். "போட்டுப் பாத்தானா? அளவு சரியா? போட்டோ எங்க?" என்று வாராவாரம் கேட்டாள்.

அந்தச் சட்டையைப் பக்கத்துக் காம்பராப் பையனுக்குப் போட்டுவிட்டார்கள். அவனுக்குத் தம்பியைவிட ஒரு வயது கூட. படிக்கட்டில் இறங்கி ஓடச் சொல்லி முதுகுப் பக்கத்திலிருந்து எடுக்கும்படி பெரியப்பா சொன்னார். கேமராக்களை எங்களுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் கேமரா இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எடுத்தேன். அந்தப் பிள்ளை பாதி வழியில் நின்று, "அக்கா, திரும்பி நிக்கவா?" என்று கேட்டான். "திரும்பாத! திரும்பினே, கொன்னுப்புடுவேன்!" என்று கத்தினேன். அவன் பயந்து அப்படியே நின்றுவிட்டான். ஒன்றும் அறியாத பிள்ளை, பாவம்.

அந்தப் போட்டோ கிடைத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் குரலே வேறாக இருந்தது. "வளந்துட்டான்டி! காலப் பாரு, நெடுநெடுன்னு! நான் வந்து தூக்கினா இடுப்புல நிப்பானா?" என்றாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்துச் சேரிடமிருந்து செய்தி வந்தது. படம் முடிந்துவிட்டது, கண்டி டவுனில் ஒரு மண்டபத்தில் காட்டப் போகிறார்கள், தோட்டத்திலிருந்து எல்லாரும் வர வேண்டும், பஸ் அனுப்புவார்கள். அப்பா வரவில்லை. நான் போனேன். திரையில் எங்கள் லயம், எங்கள் மலை, என் கை, என் கேமரா. பிறகு அவன். கானைத் தாண்டிக் குதித்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூன்று பெண்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். மண்டபமே சிரித்தது. டவுன் சனங்கள், சிங்கள ஆட்கள், வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள்.

படம் முடிந்து திரை கறுத்தது. இங்கிலீசில் ஒரு வரி வந்தது. தம்பியின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். அவன் நினைவாக.

சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சேரிடம் போனேன்.

"சேர், இது எங்க எங்க போவும்?"

"இனி எங்கையும் போகும் பிள்ளை" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. முகத்தில் பெருமையும் இருந்தது. "இன்டர்நெட்டிலையும் போட்டாச்சு. உலகத்தில ஆரும் பார்க்கலாம்."

"அந்தக் கடைசி வரிய எடுக்கச் சொல்லுங்க."

"அவ அன்பாப் போட்டது, பிள்ளை. உம்மட தம்பிக்குச் செய்த மரியாதை."

"எங்கம்மாவுக்குத் தெரியாது சேர்! மறந்துட்டீங்களா? நீங்கதானே பிரிண்டு போட்டுக் குடுத்தீங்க!"

சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேரின் முகம் வெளுத்துப் போயிற்று. உண்மையாகவே அவருக்கு அந்த நேரம் அது தோன்றியிருக்கவில்லை. அன்றைக்கே மிஸ்ஸுக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதியும் இருக்கிறார். மிஸ்ஸும் எடுத்துவிடுகிறேன் என்று பதில் போட்டாராம், எடுக்கத்தான் நாளாகிவிட்டது. நல்ல மனசு. எல்லாருக்கும் நல்ல மனசு. அந்த நல்ல மனசெல்லாம் நாசமாய்ப் போக!

படம் வந்துவிட்டதா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இன்னும் வரவில்லை என்றே அப்பா சொல்லிவந்தார். மண்டபத்தில் காட்டிய பிறகு வந்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னார். அம்மா அத்தோடு விடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. சார்ஜ் இல்லையென்று அப்பா அதை வீட்டில் போட்டுவிட்டு மலைக்குப் போயிருந்தார்.

"இன்னைக்கி வெள்ளிக்கிழம இல்லயேம்மா" என்றேன்.

"படத்தப் பாத்துட்டேன்டி!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒங்கப்பா பொய் சொல்றாரு, படம் வந்து கெடக்கு. இந்த வீட்டுப் பொண்ணுக்கிட்ட ரொம்ப நாளாச் சொல்லி வச்சிருந்தேன். அவ கம்பியூட்டருல தேடிப் புடிச்சிட்டா. ரெண்டு பேருமா ஒக்காந்து பாத்தோம். என் புள்ள என்னா ஓட்டம் ஓடுறான்! எல்லாத்துக்கும் போய் நிக்கிறானே, எமகாதகன்! நான் சிரிச்ச சிரிப்புல மேடம் வந்து ஏசிட்டுப் போறா."

அவளே தொடர்ந்தாள்.

"அப்புறம் கடைசியில கறுப்பா வந்துச்சு. அதுல எழுத்து. இந்தப் பொண்ணு அதப் படிச்சா. படிச்சிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தா. பாத்துட்டுக் கட்டிப் புடிச்சு அழுவுறாடி. என்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. வீட்டுக்குப் பேசுன்னு அவ போனக் குடுத்துட்டு வெளிய போயிட்டா. என்னாடி எழுதியிருக்கு அதுல? நீ படிச்ச புள்ளதானே, ஒனக்குத் தெரியுந்தானே? சொல்லு."

ஒரு நொடியில் எத்தனையோ பொய் வாய்க்கு வந்தது. நன்றி என்று போட்டிருக்கிறது. படம் எடுத்தவர்களின் பெயர். இவ்வளவு நாளும் வாய் கூசாமல் சொன்னவள்தானே நான். ஆனால் அந்தப் பெண் அழுததற்கு என்ன பொய் சொல்வது? அதற்கு என்னிடம் பொய் இருக்கவில்லை.

"தம்பி இல்லம்மா" என்றேன்.

"இல்லன்னா?"

"செத்துப் போயிட்டான்மா. காய்ச்சல். படம் புடிச்சு முடிச்ச கையோட."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் மாடியில் நிற்கிறாளோ! "அம்மா, எங்க நிக்கிற? கீழயா நிக்கிற? அம்மா, கீழ ஒக்காரும்மா!" என்று கத்தினேன்.

"அடுப்படியிலதான் நிக்கிறேன்" என்றாள். பிறகு, "அப்ப அந்தப் போட்டோவெல்லாம்?"

"முன்னுக்கே எடுத்தது."

"மஞ்சச் சட்ட?"

அது யார் பிள்ளை என்று சொன்னேன். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன். "வந்துரும்மா. அவங்க கால்ல விழுந்தாவது வந்துரும்மா" என்றேன்.

"வந்து?" என்றாள் அம்மா. "யாரப் பாக்க வரச் சொல்ற?"

"நான் இருக்கேனேம்மா."

ஒப்பந்தம் முடிந்தபோதும் அவள் வரவில்லை. அதே வீட்டில் இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.